தலைக்கட்டுக்கு ஒரு சட்டை

திருப்பதியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, கம்பெனிகள் ஆள் எடுக்க வருவதற்கு முன் எங்களுக்கு ஆங்கிலம் பழக்க ஒரு மேடம் வந்தார். சொற்களைத் தனித்தனியாகப் படித்தால் மனதில் நிற்காது, கூட்டம் கூட்டமாகப் படியுங்கள் என்பது அவருடைய முறை. கோபத்துக்கு ஒரு கூட்டம், நோய்க்கு ஒரு கூட்டம், பயணத்துக்கு ஒரு கூட்டம். ஒரு வாரம், ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதற்கும் பேசுவதற்குமான சொற்கள் வந்தன. டெலிகேஷன், டெபுடேஷன், கமிட்டி, குவோரம், மேன்டேட், ப்ராக்ஸி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளையோ இடத்தையோ எழுதிக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் தடுமாற மாட்டீர்கள் என்றார்.

மற்றவர்கள் ஐக்கிய நாடுகள் சபை, கிரிக்கெட் தேர்வுக் குழு என்றெல்லாம் எழுதினார்கள். ப்ராக்ஸிக்கு மட்டும் வகுப்பு முழுக்க ஒரே பதில்: வராதவளுக்காக நாம் சொல்லும் 'பிரசன்ட் மேடம்'. நான் எல்லாச் சொற்களுக்கும் ஒரே இடத்தை எழுதினேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் உள்ள சிமெண்ட் மேடை. அதன் கீழே, அடைப்புக்குறி போட்டு, சட்டைகள் என்று எழுதினேன். மேடம் படித்துப் பார்த்து, என்ன சட்டை என்று கேட்டார். ஊர் வழக்கம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அன்று சொல்ல முடியாததை இப்போது வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் நகரிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. கல்யாணமான ஆண் இருக்கும் வீடு அங்கே ஒரு தலைக்கட்டு. ஏரித் தண்ணீர் முறை, திருவிழாவில் பானை வைக்கும் வரிசை, ஊர்ப் பேச்சில் ஒரு வாய், எல்லாமே தலைக்கட்டுக் கணக்குதான். ஆண் இறந்துவிட்டால், மகன் தலையெடுக்கும் வரை அந்த வீடு பங்காளி வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். மகன் இல்லாவிட்டால் சேர்ந்தது சேர்ந்ததுதான். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை.

ஊரில் ஆண்கள் இருந்தவரை இதில் சிக்கல் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முதலில் சென்னையில் லாரி ஓட்ட, பிறகு திருப்பூருக்கு, பெங்களூருக்கு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைகளுக்கு, கடைசியாகக் குவைத்துக்கு. ஊர்க் கூட்டத்தில் வீடுகளைக் கூப்பிட்டால் பாதிக்குப் பதில் இல்லை. பதில் இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதும் வழக்கம். அப்போது யாரோ ஒரு வழி சொன்னார்கள். யார் என்று கேட்டால் இன்று யாருக்கும் தெரியவில்லை. நான் பள்ளிக்குப் போகும் வயதில் அது ஊரின் பழைய சட்டம் போல நிலைத்திருந்தது: போகிறவன் தன் சட்டை ஒன்றை விட்டுப் போக வேண்டும்.

அந்தச் சட்டை ஒரு முழுநாள் அவன் உடம்பில் கிடந்திருக்க வேண்டும். அதைத் துவைக்கக் கூடாது. கூட்டத்தன்று வீட்டுப் பெண் அதைக் கொண்டுவந்து, அவன் உட்காரும் இடத்தில், காலர் கிழக்கே இருக்கும்படி விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவாள். சட்டையை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை, வீட்டைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் இருந்தால் "கீறேன்" என்பான். இருக்கிறேன் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சட்டை இருந்தால், கீழே நிற்கும் பெண் "கீறாரு" என்பாள். அந்த ஒரு சொல்லோடு அவள் பேச்சு முடிந்தது. மற்றதைச் சட்டை பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல வெயிலில்தான் கூட்டம் நடக்கும். பயப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆள் குறைந்து சட்டை கூடியது. ஒரு கட்டத்தில் ஆட்களைவிடச் சட்டைகள் அதிகம். காற்று வந்தால் வயிற்றின் மேல் கல்லோடு எல்லாச் சட்டைக் கைகளும் ஒரே பக்கமாக எழும்பி இறங்கும். பெரியவர் ஒருவர், சட்டைகளோடு கூட்டம் நடத்துவது சுகம், பீடி கேட்காது, சண்டைக்கு வராது என்று கேலி செய்வார். ஆனால் அவரும் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, மறுப்பு உண்டா என்று கேட்கும்போது, ஆட்களைப் பார்ப்பது போலவே சட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பதிலுக்கு நேரம் கொடுப்பார்.

ஒருமுறை வடமாலபேட்டையிலிருந்து வந்த புது மருமகள், அழுக்காக இருக்கிறதே என்று மாமனார் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். மாமியார் அதை மேடையில் விரித்தார். வீட்டைக் கூப்பிட்டபோது அவருக்கு வாய் வரவில்லை. "இத்த நான் எப்டி கீறாருன்னு சொல்றது, சோப்பு வாசனதான் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். சென்னையிலிருந்து அந்த மனிதர் ரயிலேறி வந்து, ஒருநாள் முழுக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் அலைந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இன்னொன்றும் நடந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தெற்குத் தெருவில் ஒரு வீட்டுப் பெண், கணவன் அன்று காலையில் சாலை விபத்தில் இறந்துவிட்டது தெரியாமல், அவன் சட்டையை விரித்து "கீறாரு" என்று சொல்லிவிட்டாள். செய்தி மதியம் வந்தது. அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மறுநாள் குரல் போய்விட்டது. புத்தூர் டாக்டர் தொண்டையில் புண் என்றார், மருந்து கொடுத்தார், நாளாகித்தான் குரல் திரும்பியது. அதிலிருந்து ஊரில் ஒரு விதி சேர்ந்துகொண்டது: இல்லாதவன் சட்டையை வைத்தால் பக்கத்தில் இருப்பவன் வாய் போய்விடும்.

என் நைனா, அதாவது அப்பா, லாரி ஓட்டியவர். ஆபீஸ் தெலுங்கு அவருக்கு நன்றாக வரும். மனு எழுதுவது, எம்ஆர்ஓ எனும் வருவாய் அதிகாரி ஆபீஸில் நின்று பேசுவது எல்லாம் அவர்தான். எதிர்த்துப் பேசுவதற்கு முன் ஒரு விநாடி நிறுத்தி, "அதி காது சார்" என்று மெதுவாக ஆரம்பிப்பார். அது இல்லை சார் என்று அர்த்தம். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் ஓடும் மேய்ச்சல் நிலத்தை ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு அளக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ஊர் கூடி அந்த வழக்கை நைனாவிடம் ஒப்படைத்தது. எங்கள் வழக்கத்தில், ஒருவனிடம் ஒப்படைத்ததை அவனாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நைனா திருப்பிக் கொடுக்கவில்லை. கடன் இருந்ததால் சில மாதங்களில் டிரைவர் வேலைக்குக் குவைத் போனார். கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் முழுக்கப் போட்டிருந்த, மெரூன் கோடு போட்ட வெள்ளைச் சட்டையை அம்மாவிடம் கழற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஊர் எஸ்டிடி பூத்துக்கு போன் வரும். ஒரு வருடத்துக்குப் பிறகு அது நின்றது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் போய்க் காத்திருப்பதை நிறுத்தவில்லை. பூத்காரர் பேச்சுக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஃபேனை மட்டும் அம்மா பக்கம் திருப்பி வைப்பாராம்.

மேடையில் நைனாவின் சட்டைக்குப் பக்கத்து இடம் அவருடைய தம்பிக்கு. சித்தப்பா பாரதக் கூத்தில் பாடி ஆடுபவர். நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, இந்த வாட்டி சட்டைய எடுத்தாராத."

"ஏன், அது ஒன்ன இன்னா பண்ச்சி?"

"எனக்குத் தொண்டதான் சோறு. ஒனக்குத் தெரியாததா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "ஒங்கண்ணன் செத்துட்டாருன்னு சொல்ல வந்தியா?"

"நான் அப்டி சொல்லல. கீறாரா இல்லியான்னு தெர்ல. அத்தான் சொல்றேன்."

"தெர்லன்னா கீறாருன்னுதான்."

சித்தப்பா கெட்டவர் இல்லை. சட்டையை எடுத்துவிட்டால் எங்கள் தலைக்கட்டு அவர் வீட்டோடு சேரும் என்பதற்காக அவர் வரவில்லை என்று நான் நம்புகிறேன். அம்மாவுக்கோ அது இரண்டு விதத்தில் நஷ்டம். சட்டை எடுக்கப்பட்ட நாளில் அவர் கணக்கில் இல்லாதவர் ஆவார், நைனா இல்லாதவர் ஆவார். ஒரு நாட்டின் சிறையோ ஆஸ்பத்திரியோ சொல்லாத முடிவை எங்கள் ஊர் மேடை சொல்லிவிடும். அம்மா அடுத்த ஞாயிறும் சட்டையை விரித்தார். "கீறாரு" என்றார். சித்தப்பா ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார். மறுபக்கத்தில் இருந்தவரும் தள்ளிக்கொண்டார். அந்த இடைவெளி அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அகலமானது.

நிலம் அளக்கும் நோட்டீஸ் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் வந்தபோது, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் போய் மனு கொடுக்க ஊர் முடிவு செய்தது. கூட்டம் நடத்தும் பெரியவர், கால்வாய் ஓரம் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, சித்தப்பா, ஆங்கிலம் படித்துச் சொல்ல நான். நைனாவிடம் ஒப்படைத்த வழக்கு என்பதால் அவருடைய சட்டை. சட்டையைச் சுமக்க அம்மா. நான் திருப்பதியிலிருந்து வந்து புத்தூரில் அவர்களோடு பஸ் ஏறினேன். கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் போகும் வரை அம்மா பையை மடியில் வைக்கவில்லை. ஜன்னல் ஓர சீட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழிக்கட்டுமா என்று தெலுங்கில் கிண்டல் செய்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முன்பக்கம் போய்விட்டார்.

கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் எங்களைப் போல நிறையக் கூட்டம். ஆனால் எங்கள் முறை வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் நாங்கள் மட்டும்தான் நின்றோம். அட்டெண்டர் வயதானவர், அலுத்துப்போன குரல். "ஐதுகுரு மாத்ரமே லோபலிக்கி," ஐந்து பேர்தான் உள்ளே என்றார். நாங்கள் ஐந்து பேர்தான் என்று பெரியவர் சொன்னார். அட்டெண்டர் கையிலிருந்த பேனாவால் எண்ணினார். பெரியவர், விவசாயி, சித்தப்பா, நான், அம்மா. பேனா நிற்கவில்லை. அம்மாவுக்கு இடப்பக்கம், அவர் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது.

"ஆறுகுரு உன்னாரு," ஆறு பேர் இருக்கிறீர்கள் என்றார்.

சித்தப்பா ஆறாவது யார் என்று கேட்டார். அட்டெண்டர் எரிச்சலோடு மறுபடி எண்ணினார். பேனா மறுபடியும் அதே இடத்துக்கு, அதே உயரத்துக்குப் போனது. ஒருத்தர் வெளியே நில்லுங்கள், நேரமாகிறது என்றார்.

இதற்கு நான் காரணங்கள் யோசித்து வைத்திருக்கிறேன். பின்னால் ஜன்னல் வெளிச்சம் அவர் கண்ணைக் கூச வைத்தது. யாராவது அந்த நேரம் எங்களைக் கடந்து போயிருக்கலாம். மனுவில் நைனாவுடையதையும் சேர்த்து ஆறு பெயர்கள் இருந்தன. ஆனால் மனு மடித்தபடி என் கையில் இருந்தது. யாரும் கடந்து போகவில்லை. வெளிச்சம் மட்டும் மிச்சம். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று வலப்பக்கம் நகர்ந்தார், இடம் விடுவது போல.

வெளியே நின்றது சித்தப்பா. அவராகவே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே அதிகாரி கேட்ட முதல் கேள்விக்கே பெரியவருக்குத் தெலுங்கு தடுக்கியது. கால்வாய் வருவாய் வரைபடத்தில் இல்லையே என்றார் அதிகாரி. நான் நோட்டீஸில் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு விநாடி அமைதி. பிறகு, "அதி காது சார்."

அம்மாவின் குரல்தான். சந்தையில் தக்காளி விலை கேட்கும் அளவுக்குத்தான் அவருக்குத் தெலுங்கு தெரியும் என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். அவர் கால்வாய் எங்கே பிறந்து எங்கே மடங்குகிறது, எந்த மதகு எப்போது கட்டியது, வரைபடத்தில் அது ஏன் பாதையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஆபீஸ் தெலுங்கில், அவசரம் இல்லாமல் சொன்னார். எதிர்க் கேள்வி வந்தபோதெல்லாம் அந்த ஒரு விநாடி நிறுத்தம். அதிகாரி மனுவின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் அம்மாவிடம், இவ்வளவு தெலுங்கு எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நான் இன்னாத்த பேசினேன்?" என்றார். "பெரியவருதான் பேசினாரு."

பெரியவர் பஸ்ஸில் எங்களுக்கு மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்தில் சித்தப்பா நைனாவின் சட்டைக்குப் பக்கத்தில், அதன் கை தன் தொடையில் படும்படி நெருங்கி உட்கார்ந்தார். அவர் குரலுக்கு எதுவும் ஆகவில்லை. கால்வாயையும் விட்டுவைத்தார்கள். தொழிற்சாலை மதிலுக்கு அடியில் குழாய் வழியாக இப்போதும் தண்ணீர் வருகிறது.

நைனா திரும்பி வந்தது அடுத்த பொங்கலுக்கு முன்னால். முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு கைப்பையோடு புத்தூரில் இறங்கி ஆட்டோவில் வந்தார். முதலாளி மாறி, காகிதங்கள் இல்லாமல் பிடிபட்டு, சிறையில் இருந்திருக்கிறார். மெலிந்திருந்தார், ஆனால் நைனாதான். அம்மா அழவில்லை. நான் சொன்னேனே என்பது போல அடுப்பில் உலை வைத்தார்.

வந்தவன் தன் இடத்தைத் திரும்ப எடுப்பதற்கும் முறை உண்டு. மேடையில் விரித்த சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, அங்கே உட்கார்ந்து, வீட்டைக் கூப்பிடும்போது "கீறேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு ஊரே வந்திருந்தது. அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றார். நைனா சட்டையைப் போட்டுக்கொண்டார். தொளதொளவென்று இருந்தது. உட்கார்ந்தார். பெரியவர் எங்கள் வீட்டைக் கூப்பிட்டார்.

"வடமூல வீடு."

"கீறாரு."

சொன்னது அம்மா. பழக்கத்தில் வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது, அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். "அவரு சொல்லட்டும்மா," என்றார் பெரியவர். மறுபடி கூப்பிட்டார்.

நைனா வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. சித்தப்பா அவர் பக்கம் திரும்பினார், பிறகு மெல்ல, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார். அந்த அசைவை அம்மாவும் பார்த்தார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. நைனா எழுந்தார். சட்டையைக் கழற்றி, காலர் கிழக்கே இருக்கும்படி அவரே விரித்து, அவரே கல்லை வைத்தார். பனியனோடு இறங்கி வந்து, பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்த என் பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, தெளிவாக, "கீறாரு" என்றார். கூட்டம் தொடர்ந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குக் குரல் நன்றாகவே இருந்தது. தொண்டை வலியா நைனா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல பாப்பா," என்றார். "அங்க ஏற்கெனவே ஆளு உக்காந்துகினு கீறான்."

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. லாரி ஷெட்டில் வேலை, சாயங்காலம் டிவி, என்னோடு போனில் நீண்ட பேச்சு. யாராவது மனு எழுத வந்தால் அம்மாவைக் கேளுங்கள் என்கிறார். அவர்களும் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். அம்மா உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்.

இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்தது. சில வருடங்கள் சென்னை, பிறகு கம்பெனி என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியது. கம்பெனிக் காகிதத்தில் அதற்கும் டெபுடேஷன் என்றுதான் போட்டிருந்தது. கிளம்புவதற்கு முன் ஊருக்குப் போனேன். இப்போதெல்லாம் வேலைக்குப் போகும் பெண்களையும் கணக்கில் சேர்க்கலாமா என்று ஊரில் பேச்சு நடக்கிறது என்று அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார். ஒரு சுடிதாரை ஒருநாள் போட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போ என்றார். நைனா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தொவச்சிட்டுப் போ பாப்பா" என்றார்.

அன்று காலையில் எல்லாவற்றையும் துவைத்தேன். துப்பட்டா, துண்டு, தலையணை உறை, கைக்குட்டை. கொடியில் காய்ந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பெட்டியில் வைத்தேன். அம்மா உதவி செய்தார்.

போன மாதம் போனில் ஊர்ச் செய்திகளைச் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, பெண்களையும் சேர்த்துவிட்டார்கள், முதல் கூட்டம் முடிந்தது என்றார். பிறகு சாதாரணமாக, "ஒன்னியும் கூப்ட்டாங்க. 'கீறா'ன்னு நாந்தான் சொன்னேன்" என்றார்.

நான் எதையும் விட்டு வரவில்லையே, மேடையில் எதை விரித்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். ஒரு விநாடி ஆனது. அதற்குள் அம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.